மூன்றாமவரின் வானம்

எலைட் டேஞ்சரஸ் என்னும் விண்வெளி ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இப்போது ஓர் அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. எல்லோரும் சேர்ந்தாடும் ஓப்பனிலேயே ஆடு, உன்னைச் சுட்டவன் பெயரைத் தடைப்பட்டியலில் போடு, ஒரு மாதத்தில் பால்வீதி சுத்தமாகிவிடும். 2025 பிப்ரவரியில் டிரெயில்பிளேசர்ஸ் புதுப்பிப்பு வந்து, நட்சத்திர மண்டலங்களில் குடியேற்றம் அமைக்க ஆளாளுக்கு எஃகும் டைட்டானியமும் சுமக்கத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் உரக்கக் கேட்கிறது. சரக்குக் கப்பல் ஓட்டுபவர் சண்டையில் உயிர் பிழைக்க வழி என்ன என்று கேட்டால், கவசம், வேகம், தப்பும் பாதை எதையும் தொடாமல் 'பிளாக்' என்ற ஒரே சொல்லில் பதிலை முடித்துவிடுகிறார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர் பல ஆண்டுகள் ஆடியவர்கள். அவர்கள் தவறாகச் சொல்கிறார்கள் என்பது என் நெடுநாள் கருத்து.

பிளாக் வசதியே கூடாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. குரலைக் கேட்டுப் பெண் என்று தெரிந்ததும் பின்தொடர்ந்து வந்து ஆபாசம் பேசுபவன், நாட்டையும் நிறத்தையும் சொல்லி வசைபாடுபவன், நேரலையைப் பார்த்துக்கொண்டே இடத்தைக் கண்டுபிடித்து வந்து தொல்லை தருபவன் ஆகியோருடன் ஒரே வானத்தில் இருக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. வேலை முடிந்து ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவரின் மாலையைக் கெடுக்கவும் எவருக்கும் உரிமை இல்லை. தனியாக ஆடும் சோலோவும் குழுவாக மட்டும் ஆடும் பிரைவேட் குரூப்பும் அவருக்காகத்தான் இருக்கின்றன. மோபியஸ் போன்ற சண்டையில்லாக் குழுவில் பல்லாயிரம் பேர் நிம்மதியாக ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். ஓப்பனில் இருந்துகொண்டே, சண்டையில் தோற்பதற்கு மருந்தாக பிளாக்கை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றித்தான் என் பேச்சு.

என் முதல் தோல்வி டெசியாட் மண்டலத்தில் நடந்தது. கப்பல் பாகங்களை மேம்படுத்தித் தரும் எஞ்சினியர்கள் 2016இல் வந்ததிலிருந்து, எஃப்எஸ்டி என்னும் தாவல் எஞ்சினின் தூரத்தைக் கூட்டிக்கொள்ள ஒரே ஒரு மெட்டா அலாய்ச் சரக்கை எடுத்துக்கொண்டு அங்கிருக்கும் ஃபெலிசிட்டி ஃபார்சியரின் பட்டறைக்குப் போகாத புதியவர் அநேகமாக இல்லை. எல்லோரும் நடக்கும் பாதை என்பதால் வேட்டைக்காரர்களும் அங்கேயே நிற்பார்கள். என் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பலில் மூன்று வாரம் சுற்றிச் சேர்த்த, இன்னும் விற்காத ஆய்வுத் தரவு இருந்தது. ஒருவன் வழிமறித்தான். தப்பும் திசையைக் காட்டும் நீலக் குறியைத் துரத்தித் துரத்திப் போராடினேன், தோற்றேன், கப்பல் சுழன்றது. அது நிலைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கப்பலைத் திரும்பப் பெறும் ரீபைக்கு அதன் விலையில் 5 சதவீதம் போனது பெரிதாகத் தெரியவில்லை. மூன்று வாரத் தரவு போனதுதான் வலித்தது. அன்றிரவே அவன் பெயரைத் தடுத்தேன். அடுத்த மாதம் வேறொருவன், வேறொரு மண்டலத்தில், அதே மாதிரி என்னை முடித்தான். அவன் பெயரையும் தடுத்தேன்.

எனக்குத் தப்பிக்கக் கற்றுக்கொடுத்தவர் டொராண்டோவிலிருந்து ஆடும் ஓர் ஈழத்து நண்பர். "ஓடுறதுக்கு முதலே எங்க ஓடுறதெண்டு முடிவெடுத்து வையும் தம்பி" என்றுதான் பாடம் தொடங்கியது. பக்கத்து மண்டலம் ஒன்றை முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். வழிமறித்தால் போராடாமல் வேகத்தைப் பூஜ்ஜியமாக்கி இணங்கிவிட வேண்டும். போராடித் தோற்றால் எஃப்எஸ்டி குளிர நெடுநேரம் ஆகும், இணங்கினால் சில நொடி போதும். வெளியே விழுந்ததும் கப்பலின் ஆற்றலில் நான்கு பிப்பை (அலகை)க் கவசத்துக்குக் கொடுத்து, எதிரியை நோக்கியே பூஸ்ட் போட்டு அவனைத் தாண்டிப் போக வேண்டும். அவன் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரம் உங்களுடையது. சூப்பர்குரூஸ் என்னும் மண்டலத்துக்குள்ளான அதிவேகப் பயணத்துக்குத் தப்ப நினைத்தால் அருகிலிருக்கும் பெரிய கப்பலின் நிறை உங்கள் எஞ்சினை மந்தமாக்கும். வேறு மண்டலத்துக்குத் தாவுவதை எந்தக் கப்பலின் நிறையும் தடுக்காது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இருபது நொடி. அந்த இருபது நொடி தாங்குகிற அளவுக்கு ஷீல்டு வேண்டும். அதற்காகச் சரக்குத் தட்டு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் சாவது உண்டு. எஃப்எஸ்டியை நிறுத்தி மீண்டும் துவக்க வைக்கும் ஏவுகணைகளோடு நால்வர் சேர்ந்து வந்தால் டைப் 9 போன்ற பெரிய சரக்குக் கப்பல் தப்புவது அரிது. ஆனால் தனியாக வரும் வேட்டைக்காரனிடமிருந்து இந்த இருபது நொடிப் பாடம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. தடைப்பட்டியலில் இருந்த எந்தப் பெயரும் எனக்கு இதைக் கற்றுத்தரவில்லை.

தடுப்பதால் பயிற்சி போய்விடுகிறது என்பது சிறிய குறைதான். அதை மட்டும் சொல்வதற்காக நான் எழுத உட்காரவில்லை.

இந்த ஆட்டத்தில் எல்லோரும் ஒரே பால்வீதியில் இருந்தாலும், ஒருவரையொருவர் காண்பது இன்ஸ்டன்ஸ் எனப்படும் சிறு அறைகளில். ஓர் அறையில் சில பத்துப் பேருக்குமேல் கொள்ளாது. ஆடுபவர்களின் கணினிகளே ஒன்றோடொன்று நேரடியாக இணைந்து அந்த அறையை உண்டாக்குகின்றன. யாரை யாரோடு சேர்ப்பது என்பதை இணைப்பின் தரம், நண்பர் பட்டியல், தடைப்பட்டியல் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கே ஒருவரைத் தடுத்தால் அவர் வாய் மூடுவதோடு நிற்பதில்லை. அவரும் நீங்களும் ஓர் அறையில் சேராதபடி மேட்ச்மேக்கிங் முடிந்தவரை விலக்கி வைக்கிறது.

இதை ஆதரிப்பவர்கள், 'அவனைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை, இது எனக்கும் அவனுக்கும் நடுவே உள்ள விஷயம்' என்கிறார்கள். அறையில் இரண்டே பேர் இருந்தால் அது சரி. மூன்றாமவர் ஒருவர் வந்துவிட்டால், அவர் எந்தப் பக்கம் போவார்?

டெசியாட்டில் ஒரு சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். பழகிய ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் நீண்ட தடைப்பட்டியல். வேட்டைக்காரன் ஒருவன் உள்ளே நுழைகிறான். பன்னிரண்டு பேரும் அவனைத் தடுத்திருப்பதால் அவனுக்கு அந்த அறையில் இடமில்லை, அவனுக்கென்று வேறோர் அறை திறக்கிறது. இப்போது ஆட்டத்தை வாங்கி ஒரு வாரமே ஆன நான்கு பேர் வருகிறார்கள். அவர்களுடைய பட்டியல் காலி. அவர்கள் எந்த அறையிலும் விழலாம். பழகியவர்களோ இரண்டாவது அறைக்குப் பெரும்பாலும் வரப்போவதில்லை. இந்த வழக்கம் பரவப் பரவ, வேட்டைக்காரனின் அறையில் மிஞ்சுபவர்கள் இரண்டே வகை: இன்னும் சில வேட்டைக்காரர்கள், ஒன்றும் அறியாத புதியவர்கள். கவசத்தைப் பற்றி யாரும் சொல்லித்தராத, எச்சரிக்க ஆளில்லாத, உதவிக்கு வர எவருமில்லாத ஓர் அறையை நாம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு பேரின் நிம்மதிக்கு விலை கொடுப்பது, இப்படி ஒரு பேரம் நடந்ததையே கேள்விப்படாத நான்கு பேர்.

வேட்டையின் அளவு இதனால் குறைகிறதா என்றால், குறைய ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. தேர்ந்த இரைகள் விலகிவிட, எளிய இரைகள் மட்டும் அவன் முன் நிற்கின்றன. அவன் வேலை சுலபமாகிறது.

காவலுக்கு வருபவர்களின் கதை இன்னும் மோசம். சரக்குக் கப்பல்களுக்குத் துணையாகப் பறப்பதையே ஆட்டமாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர், வேட்டைக்காரனைத் தடுத்திருக்கும் வணிகர் ஒருவரோடு விங் எனும் குழுவாகச் சேர்ந்தால், அந்த வணிகரின் பட்டியல் காவலரையும் கட்டிப்போடுகிறது. யாருடைய வழியில் நிற்பதற்காக அவர் வந்தாரோ, அவனை அவர் அன்று பார்க்கவே போவதில்லை. அதே மண்டலத்தின் அடுத்த அறையில் ஒரு சிறு ஹாலர் சரக்குக் கப்பல் தூளாகிறது. காவலரின் ரேடார் வெறுமையாக இருக்கிறது.

வெறுமையாக இருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. உங்கள் பட்டியலால் எத்தனை பேர் உங்கள் கண்ணிலிருந்து மறைந்தார்கள் என்று ஆட்டம் எங்கும் காட்டுவதில்லை. மறைக்கப்பட்டவனுக்கும் அது தெரியாது, நடுவில் இருப்பவருக்கும் தெரியாது. ஆகவே டெசியாட்டில் பத்து மாலை அமைதியாகப் பறந்த ஒருவர், கேட்கும் புதியவரிடம், 'அங்கே இப்போதெல்லாம் பயமில்லை, தைரியமாகப் போங்கள்' என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொல்கிறார். அவர் கண்ட வானம் புதியவர் பறக்கப்போகும் வானம் இல்லை, அவ்வளவே. ஓர் ஆபத்தைப் பற்றி ஒரு சமூகத்துக்கு இருக்கும் அறிவையே இந்த வழக்கம் கெடுத்துவிடுகிறது.

இதற்குமேல், ஒருவர் தொகுத்த பெயர்ப் பட்டியலை இன்னொருவர் அப்படியே வாங்கிக்கொள்ளும் பழக்கமும் சேர்ந்துவிட்டது. யார் சேர்த்தார், எதற்குச் சேர்த்தார் என்று எவரும் விசாரிப்பதில்லை. முறையாக அறிவித்துச் சரக்கில் பங்கு கேட்கும் கடற்கொள்ளைப் பாத்திரக்காரர், காரணமின்றிக் கொல்பவர், ஒரு தடவை வாய்த்தகராறு செய்தவர் எல்லோரும் ஒரே பட்டியலில். 2024 அக்டோபரில் ஆட்டத்தின் அதிகாரப் போட்டியான பவர்பிளே புது வடிவம் பெற்று மண்டலங்களுக்கான போட்டி சூடு பிடித்தபின், ஒரு மண்டலத்தைத் தாக்க வருபவர் அதன் காவலர்கள் பெயரைத் தடுத்துவிட்டு ஓப்பனில் உலவவும் வழி இருக்கிறது. நேர வேறுபாட்டால் இந்திய இரவில் ஓர் அறைக்குச் சேர்வதே நாலைந்து பேர் என்னும்போது, ஒரு பெயரைத் தடுப்பது இங்கே பாதி வானத்தை மூடுவதாகும்.

சோலோவில் போனாலும் நான் உங்கள் அறையில் இருக்கமாட்டேனே, அதை மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா ஆட்ட வகையும் ஒரே பின்னணி உலகத்தைத்தான் மாற்றுகின்றன என்பதும் உண்மை. ஆனால் சோலோவில் இருப்பவர் தன்னை மட்டும் விலக்கிக்கொள்கிறார். அவரால் வேறு இருவர் பிரிவதில்லை. ஓப்பனில் ஐம்பது பெயர்களைத் தடுத்துக்கொண்டு பறப்பவரோ தன் வேலியைத் தன்னோடு சுமந்து செல்கிறார். அவர் நுழையும் அறையெல்லாம் அந்த வேலிக்கேற்பப் பிரிகிறது. உடன் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரியாமலே வேலிக்கு உள்ளேயோ வெளியேயோ ஆகிறார்கள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு. தெருவில் நின்றுகொண்டு தெருவை அடைக்க எவருக்கும் உரிமை கிடையாது.

ஈவ் ஆன்லைன் என்னும் இன்னொரு விண்வெளி ஆட்டத்தில் 2003 முதல் ஒரே பெரிய உலகம். ஒரு மண்டலத்தில் இருக்கும் எல்லோரும் ஒன்றாகவே இருக்கிறார்கள். அங்கே ஒருவரைத் தடுத்தால் அவர் பேச்சும் கடிதமும் நிற்கும், அவர் கப்பல் அங்கேயேதான் நிற்கும். உயர்பாதுகாப்பு மண்டலங்களில் கான்கார்ட் என்னும் காவல்படை வந்து குற்றவாளியைத் தண்டிக்கும், ஆனால் உங்களைக் காப்பாற்றும் பொறுப்பை ஏற்காது. அதனால் சுரங்க வேலை செய்பவர்கள் விளைச்சல் குறைந்தாலும் பரவாயில்லை என்று தாங்கும் வலுவுள்ள புரொக்யூரர் கப்பலை எடுக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் இரக்கமின்மையை இங்கே கொண்டுவர நான் கேட்கவில்லை. அங்கே ஆபத்து எல்லோருக்கும் பொதுவாகத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிய அறிவும் பொதுவில் வளர்கிறது. அதை மட்டும் கேட்கிறேன்.

உண்மையில் கோபம் போக வேண்டிய இடம் வேறு. எலைட்டில் 2018இல் குற்றத்துக்குத் தண்டனை என்ற பெயரில் நொட்டோரியட்டி என்னும் குற்றக்கணக்கும் ஏடிஆர் என்னும் காவல்படையும் வந்தன. விளையாட்டுக்காகக் கொல்பவனுக்கு அந்தத் தண்டனை உறைக்கவே இல்லை. உறைக்கும்படி மாற்றச் சொல்லி உரக்கக் கேட்டிருக்க வேண்டியவர்கள் அனுபவமுள்ளவர்கள். அவர்கள் ஆளுக்கொரு பட்டியல் போட்டுக்கொண்டு அமைதியாகிவிட்டார்கள். வலி நின்றதும் கேள்வியும் நின்றுவிட்டது. இந்த வழக்கத்தின் ஆகப் பெரிய தீமை இதுதான் என்று நான் நம்புகிறேன். குறையைச் சரிசெய்யும் வலிமை யாரிடம் இருந்ததோ, அவர்கள் வாயையே அது அடைத்துவிட்டது.

பிளாக்கை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பேச்சை நிறுத்துவது ஒன்று, அது கணப்பொழுதில், எல்லையின்றிக் கிடைக்கட்டும். அறையைப் பிரிப்பது மற்றொன்று. உண்மையான துன்புறுத்தலுக்காக அது இருக்கட்டும், சில பெயர்களுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். 'உங்கள் பட்டியலால் இந்த மண்டலத்தில் இத்தனை பேர் உங்களுக்குத் தெரியவில்லை' என்று இடதுபக்கப் பலகையில் ஒரு வரி காட்டினால்கூடப் போதும், அமைதியைப் பற்றிய பேச்சு நின்றுவிடும்.

என் பட்டியலில் இருந்த முப்பத்தொரு பெயர்களையும் போன ஆண்டு நீக்கினேன். இப்போது வாரத்தில் ஒரு மாலை, கவசம் கனத்த ஒரு பைத்தான் கப்பலை எடுத்துக்கொண்டு டெசியாட்டில் நிற்கிறேன். சென்ற வாரம் ஆடர் கப்பலில் வந்த ஒருவர், ஃபார்சியரின் பட்டறைக்கு இறங்குவது எப்படி என்று பொதுச் சாட்டில் கேட்டார். முதலில் பக்கத்து மண்டலம் ஒன்றைக் குறித்து வையுங்கள், பிறகு சொல்கிறேன் என்று எழுதினேன். எதற்கு என்றார். நான் பதிலைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே, மனிதர் ஓட்டும் கப்பலைக் காட்டும் வெற்றுச் சதுரங்கள் இரண்டு ரேடாரின் விளிம்பில் தோன்றி, அவர் பக்கமாகத் திரும்பின.