பந்தய வீரரின் பட்டியலும் வாங்குபவரின் சைக்கிளும்

ஆஸ்திரியாவின் லியோகாங் மலைச்சரிவில் 2014-இல் நடந்த உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயத்தில், அமெரிக்க வீரர் ஆரன் க்வினின் பின்டயர் காற்றிழந்து ரிம்மை விட்டே கழன்றுபோனது. வெறும் ரிம்மிலேயே எல்லைக்கோடு வரை இறங்கி வந்தார், வெற்றி கைநழுவிவிட்டது. அடுத்த ஆண்டு அதே லியோகாங்கில், கிளம்பிய வேகத்திலேயே அவருடைய செயின் அறுந்தது. இந்த முறை முதலிடம் அவருக்கே கிடைத்தது. ஒரு மிதிகூட மிதிக்க வழியில்லாத சைக்கிளில் உலகின் மிக வேகமான வீரர்களை அவர் முந்தினார். 2014-இல் நார்வேயின் ஹாஃப்யெல்லில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் நீக்கோ முலாலிக்குத் தொடக்கத்திலேயே செயின் போனது. அவர் நான்காவதாக வந்தார்.

எது இல்லாமலும் மலையிறங்க முடியும், எது போனால் கதை முடிந்துவிடும் என்பதை இந்த ஓட்டங்கள் காட்டிவிடுகின்றன. இதைப் பொதுவிதியாக்கிவிடக் கூடாதுதான். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் போல நடுவில் நீண்ட தூரம் மிதித்தே ஆக வேண்டிய தடத்தில் செயின் அறுந்தவருக்கு வாய்ப்பே இல்லை. ஆனாலும் டவுன்ஹில் சைக்கிளுக்குப் பணம் செலவழிப்பவர்கள் பலரும் தலைகீழ் வரிசையில்தான் தொடங்குகிறார்கள். முதலில் கார்பன் சட்டம், பிறகு விலையுயர்ந்த ஃபோர்க், அப்புறம் கார்பன் ரிம், மின்னணு கியர். டயர் மட்டும் கடையில் மாட்டி வந்ததே போதும் என்று இருந்துவிடுகிறது. இந்த வரிசை பெரும்பாலும் ஏதோவொரு உலகக் கோப்பை வீரரின் சைக்கிளைப் படம்பிடித்துப் பாகம் பாகமாக விவரிக்கும் இதழ்ப் பக்கங்களிலிருந்து வருவது. அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்குவது எவ்வளவு தூரம் சரி என்பதைத்தான் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்த விளையாட்டே பந்தயத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலானோர் பழைய கனத்த சைக்கிள்களில் ரீபேக் என்ற மண்சாலைச் சரிவில் போட்டி போட்டபோது, பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்தே போகும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைத் திறந்து புதிதாக நிரப்ப வேண்டும். எந்தப் பாகம் முதலில் தோற்கும் என்பதைப் போட்டியின் வேகம் அன்றே காட்டிக் கொடுத்தது. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த முதல் மலைச்சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் டவுன்ஹில் பட்டம் வென்றார். அன்று அவர் ஓட்டிய சைக்கிளின் ஃபோர்க் அமுங்கியது 50 மில்லிமீட்டருக்கும் குறைவு. இன்று டவுன்ஹில் ஃபோர்க்குகள் 200 மில்லிமீட்டர் அமுங்குகின்றன. இடைப்பட்ட வளர்ச்சியில் பெரும்பகுதி பந்தயத் தடத்தில் நடந்ததுதான்.

சக்கர அளவின் கதையில் இந்தப் பழக்கத்தின் பலமும் தெரிகிறது, குறையும் தெரிகிறது. 2017 பருவத்தின் தொடக்கத்தில் சாண்டா குரூஸ் அணி 29 அங்குலச் சக்கரத்துடன் வந்தபோது, டவுன்ஹில்லுக்கு இது ஒத்துவராது என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் அந்த அணியின் கிரெக் மின்னார் அதே சக்கரத்தில் வென்றார். பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் எளிதாகக் கடந்து உருளும் என்பது மேசைக் கணக்கிலிருந்து தடத்துக்கு வந்தது. உடனே பலரும் 29-க்குத் தாவினார்கள். ஆனால் மின்னார் ஆறடிக்கும் மேல் உயரமானவர். குட்டையான ஓட்டுநர் செங்குத்தான சரிவில் பின்னால் சாய்ந்தால், பெரிய பின்சக்கரம் உடம்பில் உரசும். முன்னால் 29, பின்னால் 27.5 என்று கலந்து போட 2019-இல் உலக சைக்கிள் சங்கம் அனுமதித்தது. அந்த ஆண்டே லோயிக் புரூனி அப்படியொரு சைக்கிளில் உலகப் பட்டம் வென்றார். பெரிய சக்கரம் நல்லது என்பதைப் பந்தயம் சரியாகவே கண்டுபிடித்தது. யாருக்கு நல்லது என்பதைச் சொல்ல அதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

பட்டியலின் பெரிய குறை, அது ஒரு வேலையின் முடிவை மட்டும் காட்டுவது. அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது அதில் இருக்காது. உலகக் கோப்பை வீரர் முதலில் தடத்தை நடந்து பார்க்கிறார். பயிற்சி ஓட்டங்களில் மெக்கானிக்கோடு பேசிப் பேசி சஸ்பென்ஷனை ஒவ்வொரு கிளிக்காக மாற்றுகிறார். மழை வந்தால் சேற்று டயரை மாட்டி, அதன் நீண்ட பட்டன்களைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிக் குட்டையாக்குகிறார்கள். அடுத்த வாரம் வேறு மலை, வேறு அமைப்பு. நாம் பார்க்கும் படம் ஒரு நாளின், ஒரு தடத்தின், ஒரு உடம்பின் பதிவு. அவருடைய ஸ்பிரிங் கல்லாக இறுகியிருப்பதற்குக் காரணம் அவருடைய வேகம். அந்த வேகத்தில் மோதும் விசையைத் தாங்க அவ்வளவு இறுக்கம் வேண்டும். அதில் பாதி வேகத்தில் இறங்குபவர் அதே அமைப்பை வைத்தால் 200 மில்லிமீட்டரில் பாதிகூட அமுங்காது. சக்கரம் தரையைப் பிடிக்காமல் துள்ளும், சிறிது நேரத்திலேயே முன்கை மரத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க விரல் வராது. முழுப் பணம் கொடுத்து அரை சஸ்பென்ஷன் வாங்கிய கதைதான்.

இன்னொன்று விளம்பர ஒப்பந்தம். வீரர் எதை ஓட்டுகிறார் என்பதில் பாதி, யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதன் விளைவு. ஆகவே, ஒப்பந்தத்தையும் மீறி அவர்கள் எதை மாற்றுகிறார்கள் என்று கவனிப்பது பயனுள்ளது. வேறு நிறுவனத்தின் டயரை மாட்டி, அதன் பெயரைக் கறுப்பு மார்க்கரால் அடித்து மறைத்து ஓட்டுவது இந்தப் பந்தயத்தில் நெடுநாள் வழக்கம். ஹேண்டில்பாருக்கோ கியருக்கோ இப்படி யாரும் மெனக்கெடுவதை அரிதாகவே பார்க்கிறோம். எது முக்கியம் என்று பட்டியல் சொல்லாததை அந்த மார்க்கர் மை சொல்லிவிடுகிறது.

டயருக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம். தரையைத் தொடுவது அது ஒன்றுதான். மாக்சிஸ் நிறுவனத்தின் அசகாய் டயரை எடுத்துக்கொள்வோம். மின்னாரோடு சேர்ந்து உருவாக்கப்பட்டது. ஒரே பெயரில், ஒரே பட்டன் அமைப்பில், மெல்லிய துணியடுக்கு கொண்டதும் கிடைக்கிறது, டவுன்ஹில்லுக்கான இரட்டை அடுக்கு கொண்டதும் கிடைக்கிறது. எடை வித்தியாசம் டயருக்கு ஏறத்தாழ 300 கிராம். தராசில் மெல்லியது கவர்ச்சியாக இருக்கும். தடத்தில் கதை வேறு: மெல்லிய டயரில் காற்றழுத்தம் 23 பிஎஸ்ஐ வைத்தால் வளைவில் பக்கச்சுவர் மடங்கும், கல்லில் ரிம் இடிக்கும். இடிக்காமல் இருக்க 30-க்கு ஏற்றினால் பிடிமானம் போய்விடும். கனத்த டயரால்தான் காற்றைக் குறைக்க முடிகிறது, காற்றைக் குறைத்தால்தான் ரப்பர் தரையோடு ஒட்டுகிறது. மூன்று மடங்கு விலை கொடுத்து கார்பன் ரிம் வாங்கி, அதைக் காப்பாற்ற டயரில் கூடுதல் காற்று அடித்து ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. டவுன்ஹில்லில் எடை குறைந்தால் வேகம் என்ற நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. சட்டத்தின் அடிப்பகுதியில் எடைக்கட்டிகளைச் சேர்த்து ஓட்டிப் பார்த்த பந்தய வீரர்களும் உண்டு.

காற்றளவிலும் கவனம் வேண்டும். 25 டிகிரி வெப்பமுள்ள அறையில் 25 பிஎஸ்ஐ அடித்துவிட்டு, 5 டிகிரி குளிரில் வெளியே போய் நின்றால் ஏறத்தாழ இரண்டரை பிஎஸ்ஐ தானாகவே குறைந்திருக்கும். இரண்டு பம்புகளின் மீட்டர்களில் ஒன்று சொன்னதையே மற்றது சொல்லாது. இதழில் படித்த எண்ணை அப்படியே அடிப்பதைவிட, ஒரே மீட்டரை எப்போதும் வைத்துக்கொண்டு, தடத்திலேயே அளந்து, தனக்கு ஒத்துவரும் எண்ணைக் குறித்துவைப்பது மேல்.

அடுத்து ஸ்பிரிங். விலையுயர்ந்த ஷாக்கை வாங்கிவிட்டுத் தவறான ஸ்பிரிங்கோடு ஓட்டுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய வீண்செலவு என்பது என் கணிப்பு. ஷாக்கின் ஓட்டம் 75 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழு உடையோடு பெடல் மேல் நிற்கும்போது அதில் சுமார் 30 விழுக்காடு, அதாவது 22.5 மில்லிமீட்டர் அமுங்கியிருக்க வேண்டும். 400 பவுண்டு ஸ்பிரிங்கில் 28 மில்லிமீட்டர் அமுங்குகிறதென்றால் 37 விழுக்காடு போய்விட்டது. 400-ஐ 28-ஆல் பெருக்கி 22.5-ஆல் வகுத்தால் 500-க்குப் பக்கத்தில் வருகிறது. தேவையான ஸ்பிரிங் அதுதான். இந்தக் கணக்கைப் போடாமல் பலர் செய்வது, ஸ்பிரிங்கின் வளையத்தைத் திருகித் திருகி இறுக்குவது. அமுங்கும் அளவு காகிதத்தில் சரியாகிவிடும், ஸ்பிரிங் கடினமாகியிருக்காது. தொடக்கத்தில் முரட்டுத்தனம், பெரிய குதிப்பில் அடிவரை போய் இடிப்பது என்று இரண்டு கெடுதலும் சேர்ந்து வரும்.

அமுங்கிய ஷாக் மீண்டு எழும் வேகமான ரீபவுண்டிலும் இப்படியொரு பொறி இருக்கிறது. வரிசையாக வேர்கள் வரும் இடத்தில் முதல் வேர் மென்மையாகக் கடக்கும், இரண்டாவதும் பரவாயில்லை, நான்காவதில் கையைப் பிடுங்கும். ஓட்டுநர் சஸ்பென்ஷன் கடினம் என்று நினைத்து இன்னும் மென்மையாக்குகிறார். உண்மையில் நடந்தது வேறு: ரீபவுண்ட் மெதுவாக இருப்பதால் ஒரு வேரில் அமுங்கிய ஷாக் அடுத்த வேருக்குள் எழவில்லை, ஒவ்வொன்றிலும் இன்னும் கீழே போய்க்கொண்டே இருந்தது. மென்மையாக்கினால் இன்னும் மோசமாகும். ஒரு முறை ஒரு திருகை மட்டும் மாற்றி, அதே இருநூறு மீட்டரை மறுபடி இறங்கிப் பார்ப்பவரால்தான் இதைப் பிரித்தறிய முடியும். பந்தய அணிகளிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பொறுமை. அவர்கள் சட்டத்தில் மாட்டும் உணர்கருவிகளும் பதிவுகளும் சக்கரம் எவ்வளவு அமுங்கியது என்பதைச் சொல்லும். பயம் எங்கே வந்தது என்று அவை சொல்லாது, அதை வீரர்தான் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும்.

பிரேக்கில் ஒரு கணக்கு மட்டும். ஃபோர்ட் வில்லியம் தடம் ஏறத்தாழ 550 மீட்டர் இறங்குகிறது. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ என்றால் அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் தரையும் எடுத்துக்கொண்டது போக மீதியெல்லாம் இரண்டு மெல்லிய டிஸ்க்குகளில் இறங்குகிறது. டிஸ்க்கை 203-லிருந்து 220 மில்லிமீட்டருக்கு மாற்றினால் அதே விரல் அழுத்தத்துக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு கூடுதல் பிடி கிடைக்கும், வெப்பம் பரவ இடமும் கூடும். ஃபோர்க்கும் சட்டமும் அந்த அளவை அனுமதிக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் இந்தச் சைக்கிளில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

க்வினின் ஓட்டத்திலிருந்து எழுந்த இன்னொரு விவாதமும் உண்டு. செயின் இல்லாததால் பின் சஸ்பென்ஷன் தடையின்றி இயங்கியது, அதுவே வேகத்துக்கு ஒரு காரணம் என்று பலர் வாதிட்டார்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இழுபட்டு பெடலை உதைப்பது உண்மைதான். அதைத் தணிக்க இத்தாலியின் ஓசெயின் போன்ற கருவிகள் வந்தன. பின்சட்டத்தின் சுழல்மையத்தை உயர்த்தி, செயினை இடையுருளை வழியாக ஓட்டும் சட்டங்களும் பரவின. அப்படியொரு கொமென்சால் சைக்கிளில் அமோரி பியெரோன் 2018-இல் அடுத்தடுத்து மூன்று உலகக் கோப்பைப் பந்தயங்களை வென்று, ஒட்டுமொத்தப் பட்டத்தையும் பெற்றார். சக்கரம் பின்னோக்கி நகர்ந்து கல்லைக் கடப்பதால் கரடுமுரடான தடத்தில் இது மிகச் சிறந்த அமைப்பு. ஆனால் அமுங்க அமுங்கச் சைக்கிள் நீள்கிறது, நெருக்கமான வளைவில் திருப்பக் கூடுதல் உழைப்பு வேண்டும். செயின் நீளம், உருளையின் உராய்வு, சேற்றில் தேய்மானம் என்று பராமரிப்பும் ஏறுகிறது. வார இறுதியில் மட்டும் மிதமான தடங்களில் ஓட்டுபவருக்கு இது தேவையில்லாத சிக்கல் என்றே சொல்வேன்.

கியரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 10 முதல் 24 பல் வரையிலான ஏழு கியர் கேசட்டும் செயினைக் கழலாமல் காக்கும் ஒரு கைடும் இருந்தால் வேலை முடிந்தது. பெடல் அவரவர் காலுக்கும் துணிவுக்கும் உரியது. மற்றவர்களில் பலர் ஷூவைப் பூட்டும் பெடலில் இறங்கியபோது, 2007-இல் மழையில் நனைந்த சுவிட்சர்லாந்தின் ஷாம்பெரி சரிவில் தட்டைப் பெடலோடு மூன்றாவதாக வந்த சாம் ஹில்லின் ஓட்டத்தை இன்றும் பேசுகிறார்கள்.

புதிதாக டவுன்ஹில் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். என் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்காக மாற்றித் தருவீர்களா? மெல்லிய டயருக்குப் பதில் இரட்டை அடுக்கு டயர் போட்டுத் தருவீர்களா? இரண்டுக்கும் இல்லை என்றால், சட்டம் எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அந்தச் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.