போலி நூலும் ஒரு தொலைக்காட்சித் தொடரும்

2002 றமழானில் எகிப்தியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'குதிரையில்லாக் குதிரைவீரன்' தொடரைப் பார்த்து முடித்தேன். முஹம்மத் ஸுப்ஹி நன்றாகவே நடிக்கிறார்; வேடம் மாற்றுவதில் மனுசன் சூரன். ஆனால் கதை, யூதர் உலகை ஆளச் சதி செய்வதாகக் கூறும் 'ஸியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' நூலைச் சுற்றியே ஓடுகிறது. மொரிஸ் ஜொலி மூன்றாம் நெப்போலியனைச் சாடி 1864 இல் எழுதிய நூலைத் திருடிச் செய்த போலி அது. 1921 இலேயே லண்டன் 'டைம்ஸ்' அம்பலப்படுத்திவிட்டது. பலஸ்தீனத்தின் துயருக்கு 1948 இன் அகதிகளே சான்று, கள்ளச்சாட்சி எதற்கு?

போலியானாலும் நடப்பது அதுதானே என்பார்கள். இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. 2018 இல் அம்பாறையில், உணவில் மலட்டு மாத்திரை என்ற வதந்தியால் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் அறிவித்த பிறகும், மாத்திரை இல்லாவிட்டாலும் இவர்கள் பெருகுகிறார்களே என்றுதான் சிலர் எங்களைப் பற்றிப் பேசினார்கள்.