எக்ஸ்டெர்ம் என்னும் செல்லம்

லினக்ஸ் வைத்திருப்பவர்களிடம் எந்த டெர்மினல் நல்லது என்று கேட்டுப் பாருங்கள், பொழுது போய்விடும். ஒருவர் க்னோம் டெர்மினல் என்பார், இன்னொருவர் கான்சோல் என்பார், இளவட்டங்கள் கிட்டி, அலாகிரிட்டி என்று புதுப் பெயர்களை அடுக்குவார்கள். எல்லாம் நல்லவைதான். ஆனால் என் மனதை அள்ளிக்கொண்டுபோனது எக்ஸ்டெர்ம். 1984இல் பிறந்த நிரல். இன்றும் ஒரு சொடுக்கில் எழுந்து நிற்கிறது. பழைய மடிக்கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் திறக்கிற அந்த ஒற்றை வரியிலேயே அது எப்படி இருக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். செட்டிங்ஸ் பக்கத்தைத் தேட வேண்டியதில்லை. கோப்பு எதையும் திருத்த வேண்டியதில்லை. கமாண்டின் பின்னால் நாலு ஆப்ஷன், ஒரு என்டர், அவ்வளவுதான்!

கமாண்டுகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். விசைப்பலகையில் அந்தந்த ஆங்கிலச் சிறிய எழுத்துகளை அடித்துக்கொள்ளுங்கள்.

ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல் எக்ஸ்டெர்மைத் திறந்தால், பல கணினிகளில் வெள்ளைப் பின்னணியில் பொடிப்பொடிக் கறுப்பு எழுத்தாக வந்து நிற்கும். பார்த்தவுடனே பலரும் மூடிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆதங்கம். ஒரு நிமிடம் பொறுத்து இந்த வரியைத் தட்டிப் பார்க்கக் கூடாதா?

எக்ஸ்டெர்ம் -எஃப்ஏ மோனோஸ்பேஸ் -எஃப்எஸ் 13 -பிஜி மிட்நைட்புளூ -எஃப்ஜி வீட்

அடடா! அதே நிரல்தானா என்று கேட்பீர்கள். நள்ளிரவு நீலத்தில் கோதுமை நிற எழுத்துகள், விளிம்பு பிசிறில்லாமல், கண்ணுக்குக் குளிர்ச்சியாக. எஃப்ஏ என்பது எழுத்துருவின் பெயர், எஃப்எஸ் அதன் அளவு, பிஜி பின்னணி, எஃப்ஜி எழுத்தின் நிறம். நிறங்களுக்குப் பதினாறடிமான எண் தெரிந்திருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எக்ஸ் விண்டோ அமைப்பில் நூற்றுக்கணக்கான நிறங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஐவரி, லெமன்ஷிஃபான், பீச்பஃப், டார்க்ஸ்லேட்கிரே என்று ஜவுளிக்கடைப் பட்டியல்போல நீளும். இன்று இணையப் பக்கங்களை வடிவமைப்பவர்கள் பெயர் சொல்லிப் போடுகிற நிறங்களில் பெரும்பாலானவை இங்கிருந்து போனவைதான். மாலையில் ஐவரி பின்னணியும் கறுப்பு எழுத்தும் எனக்குப் பிடிக்கும். இரவில் நீலம். வரியில் இரண்டு சொல்லை மாற்றினால் போதும்.

அடுத்தது -ஜியோமெட்ரி. இதில்தான் நான் முழுக்க விழுந்தேன். 80×24 என்று கொடுத்தால் எண்பது எழுத்து அகலம், இருபத்துநாலு வரி உயரம். பெருக்கல் குறிக்குப் பதில் எக்ஸ் எழுத்தை அடிக்க வேண்டும். இந்தக் கணக்கு பிக்சலில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. அதனால் எழுத்துருவைப் பெரிதாக்கினால் விண்டோவும் தானாகப் பெரிதாகும், வரி உடையாது. எண்பதுக்கு இருபத்துநாலு என்பதும் யாரோ கண்ணை மூடிக்கொண்டு வைத்த அளவல்ல. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் விற்பனைக்குக் கொண்டுவந்த விடி100 டெர்மினலின் திரை அது. அந்த எண்பதுக்கும் முன்னோடி 1928இல் ஐபிஎம் கொண்டுவந்த எண்பது பத்தித் துளை அட்டை. நூறு வருடத்துக் கணினி வரலாறு என் திரையின் மூலையில் வந்து உட்கார்ந்திருக்கிறது!

மூலை என்று சும்மா சொல்லவில்லை. அளவுக்குப் பின்னால் +0+0 என்று ஒட்டினால் விண்டோ இடது மேல் மூலையில் போய் நிற்கும். -0+0 என்றால் வலது மேல். -0-0 என்றால் வலது கீழ். மவுஸைத் தொடாமலே நாலு மூலைக்கு நாலு விண்டோவை அனுப்பலாம்.

என் பிழைப்பு சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. காலையில் நான் செய்கிற முதல் காரியம் ஒரு சின்ன ஸ்கிரிப்டை ஓட்டுவது. அதில் இருப்பதெல்லாம் எக்ஸ்டெர்ம் வரிகள் மட்டும்தான், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு & குறி. ஓட்டியவுடன் வலது கீழ் மூலையில் 9 அளவு எழுத்தில் லாக் ஓடத் தொடங்கும். மேலே ஒரு விண்டோவில் டாப் கமாண்டு. இடது பக்கம் முழுக்க நான் வேலை செய்கிற பெரிய விண்டோ. இன்னொன்று, வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற நேரடி சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போவது. அதற்கு மட்டும் -பிஜி டார்க்ரெட், -டைட்டில் போட்டு எச்சரிக்கை என்று ஒரு தலைப்பு. அந்த அடர்சிவப்பைப் பார்த்தாலே விரல் தானாக நிதானப்படும். டெஸ்ட் சர்வர் பச்சை, நேரடி சர்வர் சிவப்பு. கண்ணே காவல். சர்வர் வேலையில் இருக்கிற ஒவ்வொருவரும் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்ய வேண்டும் என்பேன்.

இதையெல்லாம் நடத்திக்கொடுப்பது -இ என்கிற ஒற்றை எழுத்து ஆப்ஷன். அதற்குப் பின்னால் என்ன கமாண்டு எழுதுகிறீர்களோ அதை ஓட்டிக்கொண்டே விண்டோ திறக்கும். இங்கே ஒரு விதி உண்டு: -இ எப்போதும் கடைசியாக வர வேண்டும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஓட்டப்போகும் கமாண்டுக்குச் சொந்தம். தலைப்பு கொடுக்காமல் விட்டால் அந்தக் கமாண்டின் பெயரையே தலைப்பாக வைத்துக்கொள்ளும், அவ்வளவு கெட்டிக்காரத்தனம். கமாண்டு முடிந்ததும் விண்டோ சட்டென்று மறைந்துவிடுமே, முடிவைப் படிப்பது எப்படி என்றால், அதற்கு -ஹோல்ட் இருக்கிறது. நாமாக மூடும்வரை அப்படியே நிற்கும். எக்ஸ்டெர்ம் -ஹோல்ட் -இ கேல் என்று தட்டினால் ஒரு மாதக் காலண்டர் திரையில் வந்து நின்றுகொள்ளும்.

கூட்டல், கழித்தல் குறிகளின் ஒழுங்கு இருக்கிறதே, அதையும் சொல்லியாக வேண்டும். கழித்தல் போட்டால் வசதி வரும், கூட்டல் போட்டால் போகும். -எஸ்பி என்றால் ஸ்க்ரோல்பார் தோன்றும், +எஸ்பி என்றால் மறையும். புதிதாக வருபவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் இரண்டொரு நாளில் கைக்குப் பழகிவிடும். -பிசி கர்சரைச் சிமிட்ட வைக்கும். -விபி பீப் ஓசைக்குப் பதில் திரையை ஒரு கணம் பளிச்சிட வைக்கும். வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் இது பெரிய உபகாரம். -எஸ்எல் 10000 என்று கொடுத்தால் மேலே ஓடிப்போன பத்தாயிரம் வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளும். எதுவும் சொல்லாவிட்டால் 1024 வரிதான்.

இப்போது என் உயிருக்கு உயிரான ஆப்ஷனுக்கு வருகிறேன்: -சிசி. எக்ஸ்டெர்மில் ஒரு சொல்லின் மேல் இருமுறை சொடுக்கினால் அந்தச் சொல் தேர்வாகும், நடு பட்டனை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நீளமான கோப்புப் பாதையின் மேல் சொடுக்கினால் சாய்கோட்டுக்குச் சாய்கோடு நின்றுவிடும், ஒரு துண்டுதான் கிடைக்கும். எது சொல்லுக்குள் அடங்கும், எது அடங்காது என்பதை யார் முடிவு செய்வது? நாம்தான்! எக்ஸ்டெர்ம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு வகுப்பில் போட்டு வைத்திருக்கிறது. ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு எல்லாம் 48ஆம் வகுப்பு. ஆஸ்கி வரிசையில் 45 சிறுகோடு, 46 புள்ளி, 47 சாய்கோடு. ஆகவே -சிசி 45-47:48 என்று கொடுத்தால் இந்த மூன்றும் எழுத்துகளோடு ஒரே வகுப்பில் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நீளப் பாதையாக இருந்தாலும் இரண்டு சொடுக்கில் முழுசாக மடியில் வந்து விழும். மின்னஞ்சல் முகவரியும் அப்படியே வேண்டுமா, ஒரு காற்புள்ளி வைத்து 64:48 என்று சேருங்கள், அட் குறியும் உள்ளே வந்துவிடும். நாளெல்லாம் பாதைகளை வெட்டி ஒட்டுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இருபது எழுத்துகூட இல்லாத ஒரு ஆப்ஷன் என் வேலைநாளையே மாற்றிவிட்டது.

இப்படி ஒரு நிரலை யார் எழுதினார்கள் என்று தேடிப் போனபோது இன்னும் சொக்கிப்போனேன். அமெரிக்காவின் எம்ஐடியில் எக்ஸ் விண்டோ அமைப்பு உருவாகிக்கொண்டிருந்த 1984ஆம் ஆண்டின் கோடையில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸின் மாணவர் மார்க் வாண்டவோர்ட் இந்த எக்ஸ்டெர்மைத் தொடங்கினார். முதலில் விஎஸ்100 என்னும் திரைக்கான தனி நிரலாகத்தான் எழுதினார். பாதி வழியில், எக்ஸுக்குள் இருந்தால் இன்னும் பயன்படும் என்று தோன்றி அதற்குள் கொண்டுவந்தார்கள். 1996 முதல் தாமஸ் டிக்கி என்பவர் இதைக் கட்டிக்காத்து வருகிறார். என்கர்சஸ் நிரலகம், லின்க்ஸ் உலாவி ஆகியவற்றையும் கவனித்துக்கொள்பவர் இவர்தான். இத்தனை வருடம் ஒரு நிரலை விடாமல் திருத்திக்கொண்டே இருக்கிற அந்த மனிதரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. வேறு பல டெர்மினல்களும் தங்களை எக்ஸ்டெர்ம் என்றோ எக்ஸ்டெர்ம்-256கலர் என்றோதான் உள்ளே ஓடும் நிரல்களிடம் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. மேக் கணினியின் டெர்மினல் உட்பட!

இன்னொரு புதையல், -டி. இதைக் கொடுத்தால் டெக்ட்ரானிக்ஸ் 4014 என்னும் 1970களின் வரைகலைத் திரையாகவே எக்ஸ்டெர்ம் மாறிவிடும். க்னூபிளாட் என்னும் வரைபட நிரலில் டெர்மினல் வகையை எக்ஸ்டெர்ம் என்று அமைத்து ஒரு சைன் வளைவை வரையச் சொல்லுங்கள். மெல்லிய கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் திரையில் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு.

ஆப்ஷனாகப் பெயர் வைக்காத அமைப்புகளும் ஏராளம். அவற்றுக்கு -எக்ஸ்ஆர்எம் என்னும் பொது வாசல் இருக்கிறது. மேற்கோள் குறிக்குள் எந்த அமைப்பையும் எழுதி அனுப்பலாம். தேர்வு செய்ததை நேராகக் கிளிப்போர்டுக்கு அனுப்புவதை நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். தினமும் வேண்டியவற்றை எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பில் எழுதி நிலையாக்கிக்கொள்ளலாம், சரிதான். ஆனால் வரியில் கொடுப்பதுதான் பொதுவாக மேலோங்கும். கோப்பில் நீலம் இருந்தாலும் வரியில் சிவப்பு என்றால் சிவப்புதான்.

திறந்த பிறகு மனம் மாறினாலும் வழி உண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் மூன்று பட்டன்களில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், மூன்று மெனு வரும். இடது மெனுவில் செக்யூர் கீபோர்டு என்று ஒன்று. கடவுச்சொல் அடிக்கும்முன் அதைத் தேர்ந்தால் விசைகள் வேறு எந்த நிரலுக்கும் போகாமல் இந்த விண்டோவுக்கு மட்டும் வரும். அது இயங்குகிறது என்று காட்ட நிறங்கள் தலைகீழாகும்.

வேகத்தையும் சொல்லாமல் விட முடியாது. விசையை அழுத்தியதும் எழுத்து திரையில் தோன்ற எவ்வளவு தாமதம் என்று ஆன்ட்வான் போப்ரே 2018இல் எல்டபிள்யூஎன் இதழுக்காகப் பல டெர்மினல்களை அளந்து எழுதினார். அதில் முன்வரிசையில் நின்றது எக்ஸ்டெர்ம். என் விரல்களுக்கு அது முன்பே தெரியும்!

தமிழுக்கு மட்டும் இது ஒத்துவராது. யூனிகோடு எழுத்துகளை ஏற்கும், ஆனால் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு கட்டத்துக்குள் வைத்தே பழகியதால் கொம்பும் காலும் இடம் பார்த்து உட்காராது. கெ, கொ எல்லாம் உடைந்து நிற்கும். தமிழ்ப் பெயரிட்ட கோப்புகளைப் பார்க்க நான் கான்சோலுக்குப் போகிறேன். ஆங்கிலத்திலேயே ஓடுகிற சர்வர் வேலைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எக்ஸுக்குப் பதில் வேலாண்டு வைத்திருப்பவர்களும் தயங்க வேண்டாம், எக்ஸ்வேலாண்டு வழியாக ஓடும். இடத்தைக் குறிக்கும் +0+0 மட்டும் அங்கே எப்போதும் சொன்னபடி கேட்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

டெபியன், உபுண்டு எதுவாக இருந்தாலும் ஏப்டி இன்ஸ்டால் எக்ஸ்டெர்ம் என்று தட்டினால் வந்துவிடும். முதலில் எக்ஸ்டெர்ம் -ஹெல்ப் என்று கொடுங்கள். எல்லா ஆப்ஷன்களும் ஆளுக்கொரு வரி விளக்கத்தோடு வரிசையாக வரும். அதில் நிறம், எழுத்துரு, அளவு என்று மூன்றை மட்டும் பொறுக்கி உங்களுக்கென்று ஒரு வரியை எழுதுங்கள், பாஷ் கோப்பில் ஏலியாஸாகப் போட்டு வையுங்கள். ஒரு வாரம் அதிலேயே வேலை செய்து பாருங்கள். சர்வர் பார்ப்பவராக இருந்தால் அந்தச் சிவப்புப் பின்னணியை இன்றைக்கே வைத்துவிடுங்கள்.