தொண்டர் மென்பொருட் குழுக்களும் வருகையாளர் அந்தரங்கமும்: டெபியன் திட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இலாப நோக்கற்ற அமைப்பொன்று தன்னிடம் வருவோரின் அந்தரங்கத்தை இயல்பாகவே பேணும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக உண்டு. விளம்பரம் விற்போருக்கே வருகையாளர் விவரம் வேண்டும். விற்பதற்கு எதுவும் வைத்திராத தொண்டர்களுக்கு அது எதற்கு என்பதே இந்நம்பிக்கையின் தர்க்கம். இது பாதியளவிற்கே பொருந்தும் என்பதை, 1993இல் இயன் மேர்டொக் தொடக்கிவைத்து, பல நாட்டுத் தொண்டர்களால் இன்று நடத்தப்படும் டெபியன் திட்டத்தைக் கொண்டு காட்டலாம்.

பாராட்டவேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். தாம் ஆக்கிய நிரலை எத்தனைபேர் பயன்படுத்துகின்றனர் என அறியும் ஆவல் எத்தொண்டருக்கும் இயல்பானதே. டெபியனில் இக்கணக்கெடுப்புக்கென ஒரு நிரல் உண்டு. ஆயின் நிறுவும்போது அது அனுமதி கேட்கிறது. பயனர் எதனையும் மாற்றாதுவிடின் விடை ‘இல்லை’ என்றே அமையும். பொதிகளைச் சோதிக்கும் லின்ரியன் என்னும் கருவி இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. ஒருவர் தமது கணினியிலுள்ள கைநூலைத் திறக்கையில் இலச்சினையோ எழுத்துருவோ வெளித்தளமொன்றிலிருந்து தருவிக்கப்படுமாயின், அதனை அந்தரங்க மீறல் என்று பெயர்சுட்டியே எச்சரிக்கிறது. கூகிள் எழுத்துருவைத் தருவித்ததன்மூலம் வருகையாளரின் இணைய முகவரியைக் கைமாற்றிய தளவுரிமையாளர் ஒருவர் 100 யூரோ நட்டஈடு செலுத்தவேண்டுமென ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது 2022 சனவரியிலேதான்.

வழங்கிகளின் குறிப்பேடு வேறு விடயம். அப்பாச்சி வழங்கி, எவரும் கேளாமலே, வந்தவரின் இணைய முகவரி, நேரம், பார்த்த பக்கம், உலாவியின் பெயர் ஆகியவற்றை எழுதிவைக்கும். டெபியன் வழங்கும் இயல்பமைப்பில் இக்குறிப்பேடுகள் முன்னர் 52 வாரங்களுக்கு வைக்கப்பட்டன. பின்னர் அது 14 நாட்களாயிற்று. இயல்பமைப்பைத் தொட்டும் பாராத சிறிய குழுவொன்றின் தளத்தில் அவ்வெண்ணே கொள்கையாகிவிடுகிறது. எவரும் தீர்மானியாத கொள்கை அது. அந்தரங்க அறிவிப்புக்களில் ‘சேகரிக்கப்படலாம்’, ‘பேணப்படலாம்’ என எழுவாய் மறைந்த செயப்பாட்டுவினைகள் மலிந்திருப்பதை இலக்கணம் பயிலும் நாம் கவனித்திருப்போம். வணிக நிறுவனத்தில் அது தந்திரம். தொண்டர் குழுவிலோ எழுவாய் பெரும்பாலும் உண்மையிலேயே இல்லை.

எனினும் எனது பிரதான ஆட்சேபம் குறிப்பேடு பற்றியதன்று. வாசித்துவிட்டுச் செல்பவருக்கு இத்தனை கரிசனை காட்டும் திட்டம், வாய்திறந்து குறைகூறுபவரை எவ்வாறு நடத்துகிறது? பிரச்சினைகளை மறைப்பதில்லை என்பது 1997இல் ஏற்கப்பட்ட டெபியன் சமூக ஒப்பந்தத்தின் உறுதிமொழிகளுள் ஒன்று. உயர்ந்த உறுதிமொழிதான். ஆயின் மறைக்கப்படாதது வழு மட்டுமன்று. அதனை அறிவித்தவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும், எவரும் தேடிப் படிக்கக்கூடிய பொதுச் சுவடியில் நிலைபெறுகின்றன. அறிக்கையை எழுத உதவும் நிரல், கணினியின் கட்டமைப்பு, கருநிரலின் பதிப்பு ஆகியவற்றுடன் பயனரின் மொழிநாட்டுக் குறியையும் சேர்த்துவிடுகிறது. தமிழையும் இலங்கையையும் தேர்ந்த ஒருவரின் அறிக்கையில் அவ்விரண்டும் ஒரே வரியில் நிற்கும். நோர்வேயிலிருந்து எழுதுபவருக்கு அவ்வரி வெறும் தொழினுட்ப விவரம். தமது பெயருடன் தமது மொழியும் நாடும் பட்டியலில் ஏறுவதன் பொருளை அனுபவத்தால் அறிந்த சமூகத்தவருக்கு அவ்வாறன்று.

அனுப்புமுன் முழு வாசகமும் திரையில் காட்டப்படுகிறதே என்பர். உண்மை. ஆயினும் முதன்முறை வழுவறிவிக்கும் மாணவன், நிரல் தானாக இட்ட வரியை அழிக்கலாமா என்றே ஐயுறுவான். மொழிபெயர்ப்பு வழுக்களை ஆராய அக்குறி தேவை என்பதும் ஏற்கத்தக்கதே. கருநிரல் வழுவுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை. கணக்கெடுப்பு நிரல் கேட்கும் அதே கேள்வியை, அதே ‘இல்லை’ என்னும் இயல்பு விடையுடன், அந்த ஒரு வரிக்காகவேனும் இந்நிரலும் கேட்கலாம்.