வார்டு சிஸ்டரும் கணினி வகுப்பும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பட்ட அவதியை விசாரித்த ராபர்ட் ஃபிரான்சிஸ், 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு தன் அறிக்கையைத் தந்தார். அவற்றில் ஒன்று, வார்டின் பொறுப்புச் செவிலியரான வார்டு சிஸ்டரைப் பற்றியது. அவர் அலுவலக அறையில் முடங்கிக் கிடக்கக் கூடாது. அவசர நேரம் தவிர, ஆள் பற்றாக்குறையை ஈடுகட்ட அவரையும் ஒரு செவிலியராகக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. வார்டை மேற்பார்வையிடுவதே அவர் வேலையாக இருக்க வேண்டும் என்றது அந்தப் பரிந்துரை.

அதே காலகட்டத்தில் அந்நாட்டின் தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) இன்னொரு வழியிலும் இறங்கியிருந்தது. 2012இல் தலைமைத்துவ அகாதெமி ஒன்றை நிறுவி, படிப்படியாகப் பயிற்சிகளை அமைத்தது. தொடக்க நிலைக்கு மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் பெயரில் இணையத்திலேயே இலவசப் படிப்பு. முதல்முறையாகக் குழுவை நடத்தும் பொறுப்பேற்பவர்களுக்கு, கிரிமியப் போரில் வீரர்களைப் பேணிய ஜமைக்காப் பெண் மேரி சீக்கோல் பெயரில் 6 மாதப் படிப்பு. அதில் சுமார் 100 மணி நேரம் இணையத்தில், மீதி நேர்முகப் பட்டறைகளில்.

ஃபிரான்சிஸ் சொன்னது பதவியை மாற்றச் சொல்கிறது. அகாதெமி, பதவியில் இருப்பவரை மாற்றப் பார்க்கிறது. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் இரண்டாவது மலிவு. உலகெங்கும் மருத்துவமனை நிர்வாகங்கள் எதை விரும்பி வாங்குகின்றன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ஆனாலும் இணையப் பயிற்சியை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான ஊர்களில் வார்டுப் பொறுப்பு எப்படி வருகிறது? பணிமூப்பால், அல்லது ஊசி போடுவதிலும் நோயாளியைக் கவனிப்பதிலும் கெட்டிக்காரர் என்பதால். நேற்றுவரை ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர் இன்று காலை இன்-சார்ஜ். டியூட்டி லிஸ்ட் போடுவது, இன்டென்ட் எழுதுவது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் கணக்கை நேர் செய்வது, தீபாவளிக்கு யாருக்கு லீவு, யாருக்கு நைட் என்று முடிவு செய்வது எல்லாம் ஒரே நாளில் அவர் தலையில் விழுகின்றன. இவற்றில் பாதியை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. விடுப்பு விதிகள், நோய்த்தொற்றுக் கணக்கைப் படிக்கும் முறை, ஒரு தவறு நடந்தால் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடும் வழி போன்றவற்றை இணையம் நன்றாகவே கற்பிக்கும். ஷிஃப்டில் வேலை செய்பவருக்கு வகுப்பறை ஒத்துவராது. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரும் வசதி அவருக்குப் பெரிய விஷயம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மையும் உண்டு. கண்காணிப்பாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி அறையில், “அந்த சர்ஜன் வந்தால் எனக்குக் கை நடுங்கும்” என்று எந்த இன்-சார்ஜும் சொல்ல மாட்டார். தனியாகத் திரை முன் உட்கார்ந்து எழுதச் சொன்னால் எழுதுவார்.

சிக்கல் அந்த சர்ஜனிடமிருந்தே தொடங்குகிறது. ரவுண்ட்ஸில், நோயாளிகள் பார்க்க, இளம் செவிலியரை அவர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். இன்-சார்ஜ் அங்கேயே குறுக்கிடுவதா, பிறகு தனியே பேசுவதா, என்ன குரலில்? இணையப் பாடம் இதற்கு நான்கு விடைகள் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். சரியான விடை எதுவென்று எல்லோருக்கும் தெரியும், கிளிக் செய்துவிடுவார்கள். அந்த இடத்தில் வாயைத் திறப்பதுதான் கடினம். அது எதிரில் ஆள் இருந்து, பேசிப் பேசிப் பழகினால்தான் வரும். மேரி சீக்கோல் படிப்பில் பட்டறைகளை வைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அந்நாட்டுச் செவிலியர் கவுன்சிலுக்கும் தெரியும்: 3 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 35 மணி நேரக் கற்றல் கேட்கும் அது, அதில் 20 மணி நேரமாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. செலவைக் குறைத்து இந்தப் படிப்பின் மாதிரியைப் பின்பற்றும் இடங்களில் முதலில் வெட்டுப்படுவது பட்டறைகள்தான்.

பயிற்சியின் பலனை அளக்க டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இலேயே நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, விளைவு மாறியதா. இணையப் பயிற்சி அறிக்கைகள் பல முதல் படியைத் தாண்டுவதில்லை. எத்தனை பேர் முடித்தார்கள் என்ற சதவீதமும், எத்தனை நட்சத்திரம் போட்டார்கள் என்ற எண்ணும் மேலிடத்துக்குப் போகின்றன. வார்டில் ஆறு மாதம் கழித்து யாராவது வந்து பார்த்தார்களா என்றால் பதில் இல்லை.

நேரக் கணக்கு இன்னும் மோசம். மேரி சீக்கோல் படிப்பின் 100 மணி நேரத்தை 6 மாதத்தில் பரப்பினால் வாரத்துக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். எங்கிருந்தும் படிக்கலாம் என்ற சலுகை, நடைமுறையில் வீட்டில் படி என்ற உத்தரவாகிவிடுகிறது. செவிலியர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். டியூட்டி முடிந்து, சமைத்து, பிள்ளையைப் படிக்கவைத்த பிறகு எஞ்சுவது தூக்கம் மட்டுமே. பயிற்சிக்கான விலையை அதிலிருந்துதான் கொடுக்கிறார்கள். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் வராததால்தான் இணையப் பயிற்சி இவ்வளவு மலிவாகத் தெரிகிறது.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியக் குறிப்பு நூலில், சில்லறை நிர்வாகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தான் இருக்கும்போது நடப்பது தான் இல்லாதபோதும் நடக்க ஏற்பாடு செய்வதே அதில் அவர் சொல்லும் நிர்வாகம். இன்றைய பயிற்சிகளுக்கும் அந்த உரைகல் பொருந்தும்: இன்-சார்ஜ் ஒரு மணி நேரம் பாடம் படிக்கப் போனால் வார்டு ஓடுமா? மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் வரையறை. நம் வார்டுகளைப் பார்த்தவர்களுக்கு நடப்பு தெரியும். அப்படிப்பட்ட வார்டில் பணிப்பகிர்வு பற்றிய பாடத்தை முடித்துவிட்டு வரும் இன்-சார்ஜ், யாரிடம் எதைப் பகிர்வார்?

பயிற்சித் திட்டத்தை வகுக்கும் இடத்தில் நான் இருந்தால் பாடங்களைப் பாதியாக வெட்டுவேன். மிச்சப் பாதியை டியூட்டி லிஸ்டில் டியூட்டியாகவே போடுவேன், இன்-சார்ஜுக்குப் பதில் ஆளோடு. மாதம் ஒரு பிற்பகல், வெவ்வேறு வார்டு இன்-சார்ஜுகள் ஐந்தாறு பேர், கண்காணிப்பாளர் இல்லாமல், அந்த மாதம் தாங்கள் சமாளிக்க முடியாமல் போனதைப் பேச ஓர் அறை ஒதுக்குவேன். நிதிப் பிரிவு ஒத்துக்கொள்ளாது. பதில் ஆளுக்கான சம்பளம் அவர்கள் தாளில் செலவாகத் தெரியும். செவிலியரின் இரவுத் தூக்கம் இதுவரை தெரிந்ததில்லை.