முதலில் வாலைப் பாருங்கள்

பாம்பு பார்க்க மலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம் ராஜநாகம்தான் வேண்டும். படமெடுத்து நிற்காத பாம்பை ஒளிப்படக்காரர்கள் சீந்துவதில்லை, பத்திரிகைகளும் போடுவதில்லை. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்குமே கிடையாத கேடயவால் பாம்புகள் சோலைக்காட்டு மண்ணுக்குள் இருக்கின்றன, எட்டிப் பார்க்க ஆளில்லை!

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நஞ்சில்லை. மண்புழுதான் முக்கிய இரை. முட்டையிடாது, குட்டி போடும். பலவும் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். ஐம்பதுக்கு மேல் இனங்கள் உண்டு. தொடக்கத்துக்கு இது போதும்.

இனி வால். தலையும் வாலும் ஒன்றுபோல இருக்கிறதென்று இதையும் 'இருதலைப் பாம்பு' கணக்கில் சேர்ப்பவர்கள் வாலைப் பார்த்ததே இல்லை. தலை கூர்மையானது, மண்ணைத் துளைப்பது. வாலின் கதையே வேறு. யூரோபெல்டிஸ் பேரினத்தில் பலவற்றுக்கு வால்நுனி சாய்வாகச் சீவிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின் மேல் வரிவரியாகச் சொரசொரத்த செதில்கள். ரைனோபிஸ் பேரினத்தில் அந்தச் சீவல் கிடையாது. நுனியை ஒரே பெரிய கேடயம் குமிழாக மூடியிருக்கும். நீலகிரியின் பிளெக்ட்ரூரஸ் பெரோட்டெட்டிக்கு இரண்டுமே இல்லை. பக்கவாட்டில் ஒடுங்கிய வால், நுனியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முனைகள். சீவல், குமிழ், இரட்டை முனை: இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் நிறத்தைப் பற்றிப் பேசுவது வெறும் மேம்போக்கு.

வானவில் மாதிரி மினுங்குகிறது என்று வியப்பார்கள். எதனால் மினுங்குகிறது என்று கேட்க மாட்டார்கள். உடற்செதில்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்வரிகள் உண்டு. மினுக்கம் அவற்றால் வருவது; சேறு ஒட்டாமல் உதிர்வதும் அவற்றால்தான். ஆய்வாளர் கார்ல் கான்ஸ் குழுவினர் 1977இல் இதை எழுதினார்கள். வாலோ நேரெதிர். சேற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வளைக்குள் வருகிற எதிரிக்கு முதலில் தட்டுப்படுவது அந்த மண் கட்டிய மூடிதான். ஒரே உடம்பில் மண்ணைத் தள்ளும் தோலும் மண்ணைச் சேர்க்கும் வாலும்! இதைவிட அழகு என்ன வேண்டும்?

அதே குழு மறு ஆண்டே தசைகளைப் பற்றி எழுதியது. முன்னுடலில் களைக்காத சிவந்த தசைகள். முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து கழுத்தைப் பருக்கவைத்து, வளைச் சுவரில் ஊன்றித் தலையை முன்னே தள்ளும். பின்னுடல், எஞ்சின் இழுக்கும் சரக்குப் பெட்டிகளாகச் சும்மா வரும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்குப் பிடித்தது பழனிமலையின் யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ். 1863இல் பெட்டோம் விவரித்தது. மதராஸ் வனத்துறையில் இருந்துகொண்டு இந்தக் குடும்பத்தில் இத்தனை இனங்களை விவரித்த அந்த மனிதரைப் பாம்புப் பிரியர்களே மறந்துவிட்டார்கள்.

பார்க்க விரும்பினால் மழைக்காலத்தில் கொடைக்கானல், வால்பாறை, மூணாறு பக்கம் விடியலில் நடந்து போங்கள். மண்ணைத் தோண்ட வேண்டாம், கல்லைப் புரட்ட வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். மழையில் வெளியே வருபவை சாலையில்தான் அதிகம் நசுங்குகின்றன. உயிரோடு ஒன்று கடந்தால் வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, அது மறுபக்கம் சேரும்வரை குனிந்து வாலைப் பாருங்கள். செத்துக் கிடந்தாலும் பாருங்கள்.