உருளைக்கிழங்கு மேல் என்ன குற்றம்?

"உருளை காய்கறியே இல்லை" என்கிற ஹார்வர்டு தட்டுப் படத்தைக் காட்டி, சைவச் சாப்பாட்டிலிருந்தே அதைத் தூக்கச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் தினசரி 400 கிராம் காய், பழக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, வாஸ்தவம். காய்க் கணக்கில் வராது என்பதும் சாப்பிடவே கூடாது என்பதும் ஒன்றா?

2025 ஆகஸ்டில் பிஎம்ஜே இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வையே பாருங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவு. வாரம் 3 முறை பிரெஞ்சு ஃப்ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் அபாயம் 20% கூடுதல். அவித்தது, மசித்ததில் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை. உருளைக்குப் பதில் முழுதானியம் என்றால் அபாயம் குறைகிறது, வெள்ளைச் சோறு என்றால் கூடுகிறது! (அவதானிப்பு ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்காது.)

எங்க சமயநல்லூர்ப் பக்கம் சிக்கலே வேற: குவிச்ச சோறு, தொட்டுக்க உருளை வறுவல். மாவுக்கு மாவே துணை. கிழங்கை ஒதுக்கிட்டு இன்னொரு கரண்டி சோறு வாங்குற சர்க்கரைக்காரருக்கு என்ன லாபம்? சோற்றைக் குறைச்சு அந்த இடத்துல அவிச்ச கிழங்கு வைங்க. காய் இடத்துல கீரையோ அவரைக்காயோ இருக்கட்டும்.